கையெழுத்தை எங்களிடம் விடுங்கள், அண்ணாச்சி

நெல்லைச் சீமையில் உள்ள வணிகர் சங்கங்கள், சிறுதொழில் சங்கங்கள், வியாபாரிகள் நலச் சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர் அண்ணாச்சிமார் எல்லோருக்கும்,

வணக்கம்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அப்பளக் கம்பெனி நடத்துகிற ஒருத்தி எழுதுகிறேன். உங்களில் கொஞ்சப் பேருக்கு என்னைத் தெரியும், கூட்டங்களில் பார்த்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல், ஏனென்றால் இது ஒரு சங்கத்தின் மேலோ ஒரு ஆளின் மேலோ உள்ள புகார் இல்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து வள்ளியூர் வரை, டவுன் ரத வீதியிலிருந்து பேட்டை தொழிற்பேட்டை வரை, தொழில் செய்கிற பெண்கள் நாங்கள் ராத்திரி அடுப்படி வேலை முடிந்த பிறகு போனில் எங்களுக்குள் பேசிக்கொள்கிற விஷயத்தை உங்கள் முன்னால் வைக்கிறேன்.

ஒவ்வொரு மார்ச்சிலும் மகளிர் தினத்துக்கு விழா எடுக்கிறீர்கள். தலைப்பு மாறும், விஷயம் ஒன்றுதான்: பெண் தொழில்முனைவோர் தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்வது எப்படி. மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ பேச்சாளர் வருவார், குத்துவிளக்கு ஏற்றுவோம், பொன்னாடை, கேடயம், மத்தியானம் நல்ல சாப்பாடு. அக்கறையோடுதான் செய்கிறீர்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'பயப்படாதீங்க, உங்களால முடியும்' என்பதைக் கேட்டுக் கைதட்டிவிட்டு வெளியே வருகிற பெண், மறுநாள் காலையில் தன் சொந்தக் கம்பெனியிலேயே ஒரு செக்கைத் தானாக எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். அந்த இடத்தில் எந்தப் பேச்சும் உதவாது. தாமிரபரணிப் படித்துறையில் உட்கார வைத்து நீச்சலைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினாலும் பிள்ளை நீந்தாது, தண்ணீரில் இறக்கிவிடத்தான் வேண்டும்.

முதலில் நம்பிக்கை வரட்டும், அப்புறம் பொறுப்பைக் கொடுக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் பார்த்தவரை அது அப்படி நடப்பதே இல்லை. பொறுப்பு கைக்கு வந்து, ஒரு முடிவை எடுத்து, அதில் வந்த லாபத்தையோ நஷ்டத்தையோ தன் பெயரில் எழுதிக்கொண்ட பிறகுதான் ஒருத்திக்குத் தன் மேல் நம்பிக்கை வருகிறது. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நம் ஊர்ப் பெண்களுக்குத் தைரியம் குறைச்சல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் கடையநல்லூரிலும் பீடி சுற்றுகிற பெண்ணிடம் போய்க் கேளுங்கள். இலை எவ்வளவு கொடுத்தார்கள், தூள் எவ்வளவு, ஆயிரம் பீடிக்குக் கூலி என்ன, எத்தனை கட்டைக் கழித்துவிட்டார்கள், அதில் தன் கைக்காசு எவ்வளவு போனது, எல்லாம் மனக்கணக்காகச் சொல்லுவாள். பத்தமடையில் கோரையைக் கீறிக் கீறி நூல் மாதிரி ஆக்கிப் பட்டுப்பாய் நெய்கிற பெண்களுக்கு எந்தக் கோரை எந்தப் பாய்க்கு ஆகும் என்பது தொட்டால் தெரியும். அந்தப் பாய்க்கு 2013-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனால் பெரிய ஆர்டருக்கு விலை பேசுகிற இடத்தில் அந்தப் பெண் எத்தனை தடவை உட்கார்ந்திருக்கிறாள்? கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் நடத்துகிற சூரிய மின்தகடு ஆலையில் வேலை செய்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலும் நம் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். பாளையங்கோட்டையில் சாராள் டக்கர் கல்லூரி 19-ஆம் நூற்றாண்டு முடியுமுன்பே வந்துவிட்டது. படிப்பும் இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது, கணக்கும் தெரியும். அப்புறம் எந்த இடத்தில்தான் கால் தடுக்குகிறது?

சுயஉதவிக் குழுவைப் பாருங்கள், பதில் கிடைக்கும். தமிழ்நாட்டில் அது 1989-ல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. இன்று நம் பக்கம் குழு இல்லாத தெருவே இல்லை. குழுவில் யாருக்குக் கடன், எவ்வளவு, எத்தனை தவணை என்பதைப் பெண்களே உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள், தவணை தப்பினால் அந்தக் கூட்டத்திலேயே கேட்கிறார்கள். ஆரம்பத்தில் பெயரைச் சொல்லவே கூச்சப்பட்ட பெண்கள் இப்போது வங்கிக் கிளையில் மேனேஜர் எதிரே உட்கார்ந்து வட்டி ஏன் கூடியது என்று கேட்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். யாரும் அவர்களுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கவில்லை, கையில் பணமும் முடிவும் இருந்தது, அவ்வளவுதான். அதே பெண் குழுவிலிருந்து ஒரு படி மேலே ஏறி, தனியாக ஒரு மாவு மில்லோ தையல் யூனிட்டோ போட வேண்டும் என்று தன் பெயரில் கடன் கேட்டுப் போனால், அதே கிளையில் முதல் கேள்வி 'ஸார் வரலியாம்மா?' என்பதுதான்.

'ஸார் வரலியாம்மா' என்பது எனக்கும் பழக்கமான கேள்வி. என் வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை, கம்பெனியில் அவருக்குப் பங்கும் இல்லை, பதவியும் இல்லை. ஆனாலும் போனில் 'அண்ணாச்சி இருக்காகளா?' என்றுதான் ஆரம்பிப்பார்கள். இல்லை என்றால், 'சரி, வந்த பிறகு பேசுதோம்' என்று வைத்துவிடுவார்கள். நீங்கள் மரியாதைக்காகத்தான் அப்படிக் கேட்கிறீர்கள், வீட்டுப் பெண்ணிடம் துட்டு விஷயம் பேசக் கூடாது என்று ஒரு பழக்கம். அந்த மரியாதையில் வருஷக்கணக்காக நனைந்த பெண்ணுக்கு, கடைசியில் தானே தன் கம்பெனியில் விருந்தாளி மாதிரி தோன்ற ஆரம்பித்துவிடும். என்னோடு பேசுகிற நிறையப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

என் தொழிலிலிருந்தே ஒன்று சொல்கிறேன். அப்பளத்தில் பெரிய செலவு உளுந்து. அதன் விலை நம் கையில் இல்லை, பர்மாவிலிருந்து கப்பலில் எவ்வளவு வருகிறது, இங்கே அறுவடை நேரத்தில் மழை கெடுத்ததா, விருதுநகர் மார்க்கெட்டில் யார் இருப்பு வைத்திருக்கிறார்கள், இத்தனையும் சேர்ந்துதான் விலை. இன்னொரு பக்கம் வெயில். ஐப்பசி கார்த்திகையில் அப்பளம் காயாது. ஆனி ஆடியில் பொதிகை மலையிலிருந்து சாரல் அடித்தால் அம்பாசமுத்திரம் பக்கம் மதியமே ஈரக்காற்று வந்துவிடும். ஆகவே மாசி பங்குனியில் உளுந்தை வாங்கி, வெயில் இருக்கும்போதே தேய்த்துக் காயவைத்து, ஆவணி முகூர்த்தத்துக்கும் ஓணத்துக்கும் சரக்கு கையில் இருக்கிற மாதிரி திட்டம் போட வேண்டும். இது ஒரு லோடு உளுந்து வாங்குகிற முடிவு மட்டும் இல்லை, அடுத்த ஆறு மாதத்துக்கு எத்தனை பேருக்கு வேலை, ஓ.டி. கணக்கில், அதாவது இருப்புக்கு மேல் எடுக்க வங்கி விடுகிற கடன் கணக்கில், எவ்வளவு எடுக்கலாம், கேரளா பார்ட்டிக்கு எந்த விலையில் ஒத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது.

கம்பெனிப் பொறுப்பு என்னிடம் வந்த புதிதில் உளுந்து வியாபாரி போனில் விலை சொன்னார். சரி, இறக்குங்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'அண்ணாச்சிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்கம்மா, பெரிய துட்டு' என்றார். நான் விலையைத் திரும்பச் சொன்னேன், எத்தனை மூட்டை என்பதைச் சொன்னேன், பணம் எந்தத் தேதியில் போகும் என்பதையும் சொல்லி, 'நாந்தான் அண்ணாச்சி சொல்லுதேன், லாரிய அனுப்புங்க' என்றேன். போனை வைத்த பிறகு நெஞ்சு படபடவென்று அடித்தது உண்மை. ஆனால் அந்த லோடு வந்து இறங்கி, நானே மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்த்து, சொத்தை இல்லை, பழைய வாடை இல்லை என்று குடோனில் அடுக்கச் சொன்னபோது எனக்குள் வந்தது இருக்கிறதே, அதை எந்த மேடைப் பேச்சும் தந்ததில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. உளுந்து விலை சரியும்போது கையில் சரக்கோடு மாட்டிக்கொள்ளாத வியாபாரி நம் வட்டாரத்தில் ஒருத்தர்கூடக் கிடையாது. ஆனால் ஆண் மாட்டிக்கொண்டால் மார்க்கெட் சரியில்லை என்கிறோம். பெண் மாட்டிக்கொண்டால் 'பொம்பளைக்கு என்ன தெரியும், அப்பவே சொன்னேன்' என்கிறோம். நஷ்டம் இரண்டு பேருக்கும் ஒரே அளவுதான் வந்திருக்கும், ஆனால் அவளுக்கு மட்டும் அது அவளுடைய தகுதிக்கான தீர்ப்பாகிவிடுகிறது. அதனால்தான் நிறையப் பெண்கள் முடிவெடுக்கும் நேரத்தில் பின்வாங்குகிறார்கள். அதைப் பார்த்துத் தன்னம்பிக்கை போதவில்லை என்று நீங்கள் மார்ச் மாதம் கூட்டம் போடுகிறீர்கள். தோற்கவும் உரிமை கொடுங்கள் அண்ணாச்சி. உங்களுக்கு அது பிறக்கும்போதே கிடைத்திருக்கிறது.

என் மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. இந்தக் கம்பெனியை உண்டாக்கியது அவர்கள்தான். உளுந்த மாவில் பிரண்டைச் சாறும் அப்பளக்காரமும் எவ்வளவு சேர வேண்டும், உலக்கையால் எந்தப் பதம் வரை இடிக்க வேண்டும், எந்தத் தெருப் பெண்ணுக்கு எத்தனை கிலோ மாவு கொடுத்தால் நேரத்துக்குத் தேய்த்துக் கொண்டுவருவாள், எல்லாம் அவர்கள் தலையில் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் அவர்கள் அப்பளக்கார ஆச்சி. லைசென்ஸ், வங்கிக் கணக்கு, சங்க உறுப்பினர் அட்டை எல்லாம் மாமனார் பெயரில். அத்தனை வருஷத்தில் அவர்கள் தனக்கென்று ஒரு ரூபாய் சம்பளம் எடுத்ததில்லை, எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு மகனிடம் கேட்கக் கூச்சப்பட்டார்கள். அந்த வீட்டுச் சுவரே அவர்கள் உழைப்பில் எழும்பியது.

தன்மதிப்பு என்று மேடையில் பேசுகிறோமே, அது மனசுக்குள் மட்டும் இருக்கிற சமாச்சாரம் இல்லை, கணக்குப் புத்தகத்திலும் இருக்க வேண்டும். நான் இந்தக் கம்பெனியைக் கூட்டாண்மையாக மாற்றி, நாத்தனாரையும் என்னையும் வேலை செய்கிற பங்குதாரர்களாகப் பத்திரத்தில் எழுதி, மாதாமாதம் ஊதியம் எடுக்கிறோம். வருமானவரிச் சட்டமே வேலை செய்கிற பங்குதாரரின் ஊதியத்தை வரம்புக்குள் செலவாக ஏற்றுக்கொள்கிறது, ஆடிட்டரிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லுவார். அந்தப் பணம் என் சொந்தக் கணக்கில் விழுகிற நாளில் எனக்கு வருகிற நிமிர்வு தனி.

இனி சொல்லப்போவது உங்களில் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். பெண்கள் பெயரில் தொழில் என்று நம் மாவட்டத்தில் பதிவாகியிருப்பவற்றில் எத்தனை உண்மையில் பெண்கள் நடத்துவது? மத்திய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் பொதுப் பிரிவு ஆணுக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25 சதவீதம் மானியம் என்றால், பெண்ணுக்கு 25, 35. சொந்த முதலீடும் 10 சதவீதத்துக்குப் பதில் 5 போதும். 2016-ல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம், ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஒரு பெண்ணுக்காவது 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை புதுத் தொழிலுக்குக் கடன் தர வேண்டும் என்றது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 3 சதவீதத்தைப் பெண்கள் நடத்தும் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று 2018-ல் விதி வந்தது. இதெல்லாம் தெரிந்தவுடன் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். உத்யம் என்கிற அரசின் சிறுதொழில் பதிவு பெண்டாட்டி பெயரில், போர்டில் அவள் பெயர், செக் புத்தகம் முழுக்க அவள் கையெழுத்து முன்கூட்டியே வாங்கி மேஜை டிராயரில்.

அந்தப் பெண்ணின் நிலைமையை ஒரு நிமிஷம் யோசியுங்கள். கம்பெனியில் என்ன சரக்கு வருகிறது, யாருக்குப் போகிறது, எவ்வளவு கடன் என்று ஒன்றும் தெரியாது. ஒருநாள் செக் திரும்பினால் வக்கீல் நோட்டீஸ் அவள் பெயருக்கு வரும். வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வேறொருவர் தொகையை நிரப்பியிருந்தாலும், கையெழுத்துப் போட்டவருக்குத்தான் முதலில் பொறுப்பு, இல்லை என்று நிரூபிக்க வேண்டியதும் அவரே என்று 2019-ல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜிஎஸ்டி பாக்கி என்றாலும் அவள்தான். கோர்ட்டுக்குப் போகும்போது முதலாளி அவள், கல்லாவில் உட்காரும்போது முதலாளி வேறு ஆள். இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு அவளுக்கு சுயமதிப்பு வளர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? போகட்டும், இதனால் எங்களுக்கு வருகிற கெடுதலையும் சொல்கிறேன். இந்தப் பெயர் மட்டும் முதலாளிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் வங்கியில் இருப்பவர்களுக்கு எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்ற நினைப்பு வந்துவிட்டது. உண்மையாகவே தொழில் நடத்துகிறவள் ஒவ்வொரு தடவையும் தன்னை நிரூபித்துக் காட்டித்தான் பேச்சையே ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

பெரிய கம்பெனிகளுக்குச் சட்டம் இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டப்படி பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளிலும், 100 கோடி மூலதனமோ 300 கோடி விற்றுமுதலோ உள்ள பப்ளிக் லிமிடெட் கம்பெனிகளிலும் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து சந்தை மதிப்பில் முதல் 1000 பட்டியலிட்ட கம்பெனிகளில் குடும்பத்தாரோ முதலாளி வீட்டாரோ அல்லாத சுயேச்சைப் பெண் இயக்குநர் ஒருவர் வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற வாரியமான செபி ஆக்கிவிட்டது. முதலில் அந்த இடங்களையும் மனைவி, மகள் பெயர் போட்டு நிரப்பியதால்தான் அந்த இரண்டாவது விதியே தேவைப்பட்டது என்று நான் நினைக்கிறேன். நம் ஊரில் கம்பெனிகள் பெரும்பாலும் ஒருவர் பெயரிலோ அண்ணன் தம்பிக் கூட்டாகவோ நடப்பவை, அந்தச் சட்டம் எதுவும் நம் வாசல் வரை வராது. ஆகவே நம் ஊரில் இது உங்கள் மனசைப் பொறுத்தது.

மனசு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மண்ணோடு தொடர்புள்ள உதாரணமே இருக்கிறது. ஆழ்வார்குறிச்சியிலிருந்து போன அனந்தராமகிருஷ்ணன் 1938-ல் தொடங்கிய அமால்கமேஷன்ஸ் குழுமம் உங்களுக்குத் தெரியும். அவருடைய பேத்தி மல்லிகா ஸ்ரீனிவாசன் 1986-ல் டாஃபே டிராக்டர் கம்பெனியில் பொது மேலாளராகச் சேர்ந்தார். டிராக்டர் தொழில் அன்று முழுக்க ஆண்கள் உலகம். பொறுப்பைக் கொடுத்துவிட்டு, அதில் அவரை நிற்கவும் விட்டார்கள். டாஃபே இன்று உலகின் பெரிய டிராக்டர் நிறுவனங்களில் ஒன்று, 2021-ல் பொதுத்துறை நிறுவனங்களுக்கு உயர் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்துக்கே அவரைத் தலைவராக்கினார்கள். அவர் பெரிய வீட்டுப் பிள்ளை, வசதி இருந்தது, சரிதான். ஆனால் வசதியுள்ள வீடுகள் நம் பக்கத்திலும் எத்தனையோ இருக்கின்றன, மகள் எம்பிஏ படித்திருப்பாள், கடை சாவி மட்டும் பத்தாவதோடு நின்ற மகன் கையில் இருக்கும். தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்துச் சட்டம் வந்தாயிற்று. நிலத்தில் பங்கு கேட்டால் கொடுக்கிற வீட்டில்கூட, தொழிலில் பங்கு என்று வந்தால் 'அவ கெட்டிக்கொடுத்தா போயிருவா' என்றுதான் பேச்சு முடிகிறது.

எங்கள் கம்பெனியில் மாவு பதம் பார்க்கிற வேலையைத் தேய்க்கிற பெண்களில் ஒருவரிடமே விட்டேன். படிப்பு அதிகம் கிடையாது, கை அவ்வளவு சுத்தம். முதலில் ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஓடி வருவார்கள், 'யக்கா, இது சரியா பாருங்க' என்று. நான் பார்க்க மாட்டேன், நீங்க சொல்லுங்க, அதுதான் முடிவு என்பேன். ஒரு சாரல் நாளில் நான் வெளியே போயிருந்தபோது இடித்து வைத்த மாவு முழுவதையும் அவர்கள் நிறுத்திவிட்டார்கள். கேரளாவுக்கு அன்றைக்குப் பெட்டி கட்ட வேண்டும், லோடுமேன் திட்டுகிறார், டிரைவர் சத்தம் போடுகிறார். நான் வந்து கேட்டதும், 'காரம் கூடிப்போச்சுக்கா, ஈரமும் ஜாஸ்தி, பொரிச்சா செவந்துரும். நம்ம பேரு போட்டு அனுப்ப முடியாது' என்றார்கள். குரலில் நடுக்கமே இல்லை. ஒன்றைப் பொரித்துப் பார்த்தேன், அவர்கள் சொன்னதுதான் சரி. அதன் பிறகு அந்த அக்கா எங்கள் தெருவில் நடக்கிற நடையே வேறு. போன மாதம் கூலி உயர்வு கேட்டு எல்லோருக்கும் சேர்த்து என்னிடம் பேச வந்ததும் அவர்கள்தான், கணக்கோடு வந்தார்கள், பாதிக்கு மேல் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

இதை வாசிக்கிற அக்கா தங்கச்சிமாருக்கும் இரண்டு வார்த்தை. பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருக்காதீர்கள், அது போகாது, பேசப் பேசக் குறையும். கூட்டத்தில் நாம் உறுதியாக ஒன்றைச் சொன்னால் திமிர் பிடித்தவள் என்பார்கள், பணிந்து சொன்னால் காதில் வாங்க மாட்டார்கள். இரண்டில் எது பரவாயில்லை என்று யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம், சொல்ல வேண்டியதைக் கணக்கோடு சொல்லிவிடுங்கள். என் அனுபவத்தில் கணக்குக்கு முன்னால் கிண்டல் நிற்காது. உளுந்து, எண்ணெய், கூலி, உடைசல், பாக்கெட், லாரி வாடகை, கடனுக்கு விட்ட நாட்களின் வட்டி, உங்கள் சொந்த ஊதியம், எல்லாம் சேர்த்து ஒரு பாக்கெட் அடக்கவிலை என்ன என்று தெரியாமல் எந்த மொத்த வியாபாரியிடமும் விலை பேசப் போகாதீர்கள். நம்மில் நிறையப் பேர் நம் உழைப்பைச் சேர்க்காமலே விலை சொல்கிறோம், அப்புறம் லாபமே இல்லையே என்று வருத்தப்படுகிறோம்.

பாக்கி கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு: பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் வாங்கியவர் பணம் தர வேண்டும் என்று குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006 சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கிற வரைக்கும் வாங்கியவர் தன் வருமானவரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வைத்துவிட்டார்கள். நான் இதைப் பில்லின் அடியிலேயே தமிழில் அச்சடித்திருக்கிறேன். ஒரு பெரிய பார்ட்டி, பெயர் வேண்டாம், மாதக்கணக்கில் 'பாக்கலாம்மா, பாக்கலாம்மா' என்று இழுத்தவர், அந்த வரியை வாசித்துவிட்டு ஆடிட்டரோடு பேசி முழுப் பணத்தையும் போட்டுவிட்டார். நான் குரலை உயர்த்தவே இல்லை.

சரி, அண்ணாச்சிமாரே, உங்களிடம் கேட்பது என்ன என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் பட்டியலில் பெண் பெயர் இருந்தால் அந்தப் பெண்ணின் எண்ணை வாங்கி எழுதுங்கள், அவளிடமே பேசுங்கள். செயற்குழுவைக் கடை அடைத்த பிறகு ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்து, விக்கிரமசிங்கபுரத்திலிருந்தும் வீரவநல்லூரிலிருந்தும் பெண்கள் யாரும் வருவதில்லையே என்று வருத்தப்படாதீர்கள், மாதத்தில் ஒரு கூட்டத்தையாவது பகலில் வையுங்கள். மகளிர் அணி என்று ஒன்று வைத்துக் கோலப்போட்டியும் சமையல் போட்டியும் அதன் தலையில் கட்டுகிறீர்கள். எனக்குக் கோலமும் பிடிக்கும், சமையலும் பிடிக்கும், ஆனால் வணிகர் சங்கத்துக்கு நான் வருவது மின்கட்டணத்தையும் ஜிஎஸ்டியையும் லாரி வாடகையையும் பற்றிப் பேச. கலெக்டரிடம் மனுக் கொடுக்கப் போகும் குழுவிலும், வங்கியாளர் கூட்டத்துக்குப் போகும் குழுவிலும் பெண்களைச் சேருங்கள், அங்கே பேச வேண்டிய ஒரு பொருளை அவர்களிடமே ஒப்படையுங்கள். விருதுநகர் மார்க்கெட்டுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். அப்புறம், உங்கள் வீட்டு மேஜை டிராயரில் கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் இருந்தால், அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, கணக்குப் புத்தகத்தை அந்தக் கையெழுத்துக்குரியவர் முன்னால் திறந்து வையுங்கள். முதல் மாதம் அவர்களுக்கு ஒன்றும் புரியாது, மூன்றாவது மாதம் கேள்வி கேட்பார்கள், அந்தக் கேள்வியில் உங்களுக்கே லாபம் இருக்கும்.

இந்த வருஷம் மகளிர் தின மேடையில் பேச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நன்றி. அதைவிட எனக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. நான் உறுப்பினராக உள்ள சங்கத்தில் வருகிற பொதுக்குழுவில் நிர்வாகிகள் தேர்தல். பொருளாளர் பதவிக்கு மனு கொடுக்கிறேன். சந்தா நிலுவை இல்லை, வரவுசெலவு எழுதத் தெரியும், தணிக்கையாளரிடம் பேசத் தெரியும், கட்டட நிதிக் கணக்கு இரண்டு வருஷமாக ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்பதைப் பற்றியும் எனக்குச் சில யோசனைகள் உண்டு. முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். ஆதரவு என்றாலும் ஆட்சேபம் என்றாலும் என்னிடமே சொல்லுங்கள், என் எண் உறுப்பினர் பதிவேட்டில் என் பெயருக்கு நேராக இருக்கிறது. காலையில் ஏழு மணிக்கு முன்னால் வேண்டாம், அப்போது மாவு எடை போட்டுக் கொடுக்கிற நேரம்.

அன்புடன்,
அப்பளக் கம்பெனி பங்குதாரர்,
கல்லிடைக்குறிச்சி